ராயபுரத்து மொட்டை மாடியில் ஒரு கிட்டாரும் ஒரு கண்ணாடித் துண்டும்

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் போன மாதம் தன் எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பத்தாவது படிக்கிறான். கோயில் பாடகர் குழுவில் வாசிக்க வேண்டும் என்று ஆசை. அவனுடைய ஆயா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிக் கொடுத்த கிட்டார் அது. ஆறு மாதமாக விடாமல் பழகுகிறான்.

“அண்ணா, எஃப் கார்டு மட்டும் வரவே மாட்டேங்குது. வெரல்ல பலம் பத்தலன்னு சொல்றாங்க. வித்துடலாமான்னு ஆயா கேக்குறாங்க” என்று இடது கையை நீட்டினான். விரல் நுனிகளில் தோல் தடித்து, கம்பி அழுந்திய கோடு பள்ளமாகத் தெரிந்தது.

கிட்டாரை வாங்கி நானே எஃப் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கிற அந்த விரல் பிடியை, பிடித்துப் பார்த்தேன். இருபது வருடமாக வாசிக்கிற கை. எனக்கே முதல் ஃப்ரெட்டில் (கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளுக்கு அதுதான் பெயர்) ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த மணிக்கட்டு வலித்தது. அழுத்தின பிறகும் இரண்டு கம்பி ஊமையாக இருந்தது. உன் விரலில் ஒரு குறையும் இல்லை, அடுத்த ஞாயிறு வரை கிட்டாரை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தே இந்தப் பக்கம் நாலைந்து பேர் “நமக்குக் கை வரல” என்று கிட்டாரைப் பரணில் போட்டுவிட்டார்கள். அந்தக் கிட்டார்களை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம். அதனால்தான் இந்த வேலையை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

கிட்டார் ஸ்ட்ராட் வடிவம். ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்கிற எத்தனையோ நகல்களில் ஒன்று. தலைப்பக்கம் கம்பி உட்காரும் சின்னக் கட்டையான நட்டிலிருந்து, மறுமுனையில் உடம்பின் மேல் கம்பியைத் தாங்கும் பாலம் வரை கம்பியின் நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். 22 ஃப்ரெட். மேப்பிள் நெக் (கழுத்து), மேலே ரோஸ்வுட் பலகை. மரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலிவு கிட்டாரில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் மரத்தில் இல்லை, கடைசி இரண்டு மணி நேரக் கைவேலையில்தான். ஃப்ரெட்டை அடித்து இறக்குவதோடு விட்டுவிடுவார்கள், மட்டம் பார்க்க மாட்டார்கள். நட்டில் கம்பி உட்காரும் வெட்டுகளை ஆழப்படுத்தாமல் உயரமாகவே விடுவார்கள். கம்பி உயரமாக இருந்தால் எந்த ஃப்ரெட்டிலும் உரசாது, கடையில் வாசித்துப் பார்ப்பவருக்குக் கரகரப்புக் கேட்காது. அந்த உயரத்துக்கான விலையைப் பழகுகிற பிள்ளையின் விரல் கொடுக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் அளப்பதோடு சரி, எதையும் தொடவில்லை. 12வது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். தடித்த கம்பி 3.5 மி.மீ., மெல்லிய கம்பி 3 மி.மீ. நன்றாக அமைந்த கிட்டாரில் இது 2, 1.6 என்று இருக்கும். அடுத்து நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை விரலால் அழுத்தினால் கம்பியே ஒரு நேர்க்கோடு ஆகிவிடும். அப்போது 7வது, 8வது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு சந்து இருக்கிறது என்று ஃபீலர் கேஜ், அதாவது கனம் குறித்த மெல்லிய உலோகத் தகடு, விட்டுப் பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பது டூவீலர் மெக்கானிக்குகள் டாப்பெட் வைக்கிற சாதாரண கேஜ்தான். 0.2 இருக்க வேண்டிய இடத்தில் 0.6 இருந்தது. நெக் கம்பிகளின் இழுப்புக்கு முன்பக்கம் நன்றாகவே வளைந்திருந்தது.

நெக்குக்குள்ளே ஓடுகிற இரும்புக் கம்பியை, அதாவது டிரஸ் ராடை, முறுக்கித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவருக்கு 1923இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. நூறு வருடமாக அடிப்படை அதேதான். ராடின் திருகு முனையிலிருந்து பார்த்து வலப்பக்கமாகத் திருகினால் நெக் பின்னால் நிமிரும். இந்தக் கிட்டாருக்கு 4 மி.மீ. ஆலன் சாவி பொருந்தியது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்து, ராத்திரி அப்படியே விட்டேன். மரம் நாம் திருப்பிய நிமிஷத்தில் முழுசாகத் திரும்பாது. காலையில் இன்னொரு கால் சுற்று. மத்தியானம் அளந்தபோது 0.2. சுற்று இறுகி வராமல் அடம் பிடித்தால் விட்டுவிட வேண்டும். உள்ளே கம்பி முறிந்தால் நெக்கே போச்சு.

இதை ஏன் முதலில் செய்கிறேன் என்றால், எட்டு வருடம் முன்னால் நான் செய்யாமல் விட்டேன். என் சொந்தக் கிட்டார் 5வது ஃப்ரெட்டிலிருந்து 9வது வரை கரகரத்தது. உயரமான ஃப்ரெட் என்று நானே முடிவு கட்டி, அந்த ஐந்தையும் அரத்தால் தேய்த்துவிட்டேன். உண்மையில் டிரஸ் ராட் அளவுக்கு மேல் இறுகி, நெக் பின்பக்கம் வளைந்து, நடுப்பகுதி மேடாகியிருந்தது. பிறகு நெக்கை நேராக்கியதும் நான் தேய்த்த ஐந்து ஃப்ரெட்டும் பள்ளத்தில் நின்றன. தேய்த்த உலோகம் திரும்ப வராது. அந்த நெக்குக்குப் புது ஃப்ரெட் போட வேண்டி வந்தது. அதிலிருந்து நெக் நேராகாமல் அரத்தைக் கையில் எடுப்பதில்லை.

வீணையில் இந்தக் கவலை குறைவு. அதன் 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மெட்டு மட்டம் தப்பினால் மெழுகை இளக்கி, தூக்கி, இறக்கி, மறுபடி உட்கார வைக்கலாம். கிட்டார் ஃப்ரெட் மரத்தில் வெட்டிய காடிக்குள் அடித்து இறக்கியது. ஒன்று மட்டும் உயரமாக நின்றால் அதை மற்றவற்றின் மட்டத்துக்குக் குறைக்கத்தான் முடியும், குள்ளமானதை வளர்க்க முடியாது.

எது உயரம் என்று கண்டுபிடிக்க ஒரு பழைய எஃகு ஸ்கேலை வெவ்வேறு நீளத்தில் நான்கு துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். ஒரு துண்டை மூன்று ஃப்ரெட் மேல் படுக்க வைத்தால், நடு ஃப்ரெட் உயரமாக இருக்கும்போது அது டக் டக் என்று ஆடும். மேலே போகப் போக ஃப்ரெட் இடைவெளி குறைவதால்தான் நான்கு நீளம். ஆடுகிற ஒவ்வொரு இடத்திலும் மார்க்கரால் புள்ளி வைத்தேன். 5, 9, 14, 17, 19 என்று புள்ளிகள் விழுந்தன. 14வது ஃப்ரெட் தடித்த கம்பிப் பக்கம் ரொம்ப ஆடியது. நகத்தால் அழுத்தினால் கீழே போய் மேலே வந்தது. அது உயரமான ஃப்ரெட் இல்லை, காடியிலிருந்து எழும்பிய ஃப்ரெட். அதைத் தேய்த்திருந்தால் பிறகு என்றைக்காவது உள்ளே இறங்கிப் பள்ளமாகியிருக்கும். ஓரத்தில் தண்ணி மாதிரி இருக்கிற ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, மேலே மரக்கட்டை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆட்டம் இல்லை.

புள்ளி ஒன்றிரண்டு மட்டும் இருந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து முடித்திருப்பேன். இங்கே அங்கங்கே பரவலாக இருந்ததால் முழு நெக்கையும் மட்டம் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

மட்டம் பிடிக்க, தானே மட்டமாக இருக்கிற ஒன்று வேண்டும். இதற்கென்றே விற்கிற எஃகுச் சட்டம் கிட்டாரின் விலையில் நல்ல பங்கு ஆகிவிடும். பாரிமுனையில் தேவராஜ முதலி தெருவுக்குப் போய் 10 மி.மீ. கனக் கண்ணாடியில் 40 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, விளிம்பை மழுக்கித் தரச் சொன்னேன். இன்றைய சாதாரணக் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத்தான் செய்கிறார்கள், அதனால் அது இயல்பாகவே மட்டமாக வருகிறது. வெட்டு அளவைக் கேட்டுக் கடைக்காரர், “மீன் தொட்டிக்கா தம்பி?” என்றார். கிட்டாருக்கு என்று சொன்னதும் நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் மேல் வீட்டில் பெரம்பூர் லோகோவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் இருக்கிறார். இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, நடுவில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். ஒன்றைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தார். “இது போதும்பா” என்றார். அவர் சொன்னால் எனக்கும் போதும்.

நான்காம் நாள் காலை மொட்டை மாடி. வெயில் ஏறும் முன் சாய்வான வெளிச்சத்தில் ஃப்ரெட் முதுகு நன்றாகத் தெரியும். பின்பக்கத்து நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி நெக்கைத் தனியாக எடுத்தேன். (நெக் கழற்ற முடியாத கிட்டார் என்றால் கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தமான பிக்கப் மேல் டேப் ஒட்டிவிட வேண்டும். கடைசியில் ஸ்டீல் உல் தேய்க்கும்போது அதன் இரும்புத் துகளைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும் பாடு.) கம்பியின் இழுப்பு போய்விட்டதால் டிரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்தி, நீள எஃகு ஸ்கேல் வைத்துப் பார்த்து, நெக் நேராகும் வரை சரி செய்தேன். அரிசி மூட்டைக்கு மேல் துண்டை விரித்து நெக்கைப் படுக்க வைத்தேன். எந்த இடத்தில் அழுத்தினாலும் தாங்கும், ஆனால் வளைக்காது. ஃப்ரெட்டுகளுக்கு இடையில் தெரிகிற மரம் முழுக்க மாஸ்கிங் டேப்.

எல்லா ஃப்ரெட் முதுகிலும் கருப்பு மார்க்கர் பூசினேன். பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். லோகோவில் இரண்டு உலோகப் பரப்பை ஒன்றோடொன்று பொருத்தும்போது நீல மை தடவித்தான் மேடு பள்ளம் பார்ப்பார்களாம். கண்ணாடித் துண்டில் 320 நம்பர் வாட்டர் பேப்பரை இருபுறம் ஒட்டும் டேப்பால் ஒட்டினேன். கம்பி போகிற திசையிலேயே நீளவாக்கில் தேய்க்க வேண்டும். பலகை குறுக்குவாட்டில் தட்டையாக இருக்காது, லேசான வில் வளைவு உண்டு. அதனால் ஒவ்வொரு கம்பியின் பாதையாக மாறி மாறிப் போக வேண்டும். ஒரே பாதையில் நின்றால் அந்த வளைவு சிதைந்துவிடும். கண்ணாடியின் சொந்த எடையே போதும், அழுத்தவே கூடாது. அழுத்தினால் நெக் வளைந்து கொடுக்கும், வளைந்த நிலையிலேயே தேயும்.

பத்துப் பத்து இழுப்பாகப் போனேன். முதல் பத்தில் நான் புள்ளி வைத்த ஃப்ரெட்டுகளில் மட்டும் கருப்பு அழிந்து பளிச்சென்று ஆனது. 9வது, 17வது முதலில். பிறகு அக்கம்பக்கம். அறுபது இழுப்பு ஆனபோது ஏறக்குறைய எல்லா முதுகிலும் ஒரு கோடு மின்னியது, 11வது ஃப்ரெட்டின் நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கருப்பு நின்றது. அந்த ஒன்றுக்காக மற்ற 21ஐயும் இறக்க வேண்டுமா என்று யோசித்து, மெதுவாக இன்னும் இருபது. கருப்பு மெலிந்து சாம்பல் ஆனது. அங்கே நிறுத்தினேன். கேலிப்பரில் பார்த்தால் அதிகம் தேய்ந்த 17வதில் 0.1 மி.மீ. கொஞ்சம் தாண்டி இறங்கியிருந்தது. மற்றவை அதிலும் குறைவு. ஒரு மில்லிமீட்டர் உயர ஃப்ரெட்டுக்கு அது தாங்கும்.

ஃப்ரெட் கம்பிக்கு நிக்கல் சில்வர் என்று பெயர், அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். மென்மையான உலோகம், சீக்கிரம் தேயும். அதுதான் வசதி, அதுதான் ஆபத்தும்.

இந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மட்டம் பிடித்த ஃப்ரெட்டின் தலை தட்டையாகிவிடும். தட்டைத் தலையில் கம்பி நடுவில் உட்காராமல் முன் விளிம்பில் உட்காரும். சுருதி லேசாகப் பிசகும், தம்புராவில் கம்பிக்கு அடியில் ஜீவா என்கிற நூல் போட்ட மாதிரி ஒரு ஜிர்ர் வரும். தம்புராவுக்கு அது உயிர், கிட்டாருக்கு அது கோளாறு. அதனால் தலையை மறுபடி உருட்ட வேண்டும். அதற்கென்று குழிந்த அரம் விற்கிறார்கள். நான் ரம்பம் தீட்டுகிற முக்கோண அரத்தின் மூன்று முனைகளையும் கல்லில் மழுக்கி வைத்திருக்கிறேன், முனை மரத்தைக் கடிக்காமல் இருக்க. மறுபடி மார்க்கர் பூசி, இரு பக்கமும் சாய்வாகத் தேய்த்து, உச்சியில் நூல் போல ஒரு கருப்புக் கோடு மிஞ்சும்போது கையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கோட்டைத் தொட்டால் பிடித்த மட்டம் போய்விடும்.

பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “அரம் முன்னால போறப்பதான் வெட்டும். வர்றப்ப ஏன் தேய்க்கிற? தூக்கி எடுத்துட்டு வா” என்றார். இத்தனை வருடம் போகும்போதும் வரும்போதும் தேய்த்துக்கொண்டிருந்தேன். தூக்கி வந்ததும் கோடு சுத்தமாக விழுந்தது. 22 ஃப்ரெட்டுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து பதினொன்று வரை அவரே செய்தார். அந்த ஏழும்தான் இந்த நெக்கில் மிக அழகானவை.

பாலிஷ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 600, 1000, 2000 வாட்டர் பேப்பர், கடைசியில் ஸ்டீல் உல், பிராசோ, பழைய பனியன் துணி. பக்கவாட்டில் துருத்திய ஃப்ரெட் முனைகளைச் சின்ன அரத்தால் மழுக்கினேன். ரோஸ்வுட்டுக்கு மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளானால் சிக்குப் பிடித்து வாடை வரும்.

நெக்கைத் திரும்ப மாட்டும்போது இன்னொரு சிக்கலும் தெரிந்தது. பாலத்தில் கம்பி உட்காரும் சாடில்கள் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தன, இன்னும் இறக்க இடமில்லை. அவற்றின் பொடி ஸ்க்ரூவில் துரு வேறு. காசிமேட்டுக் காற்றுக்கு இந்தப் பக்கத்தில் எந்த இரும்பும் தப்பாது. தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகுதான் 1.5 மி.மீ. ஆலன் சாவிக்கு ஆறும் இளகின. உயரப் பிரச்சினைக்கு, நெக் உட்காரும் குழியில் பாலத்துக்கு அருகிலுள்ள ஓரத்தில், கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு பட்டை வெட்டி வைத்தேன். கனம் 0.4 மி.மீ. நெக் இம்மி சாய்ந்தது, பாலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் இடம் கிடைத்தது.

கடைசியாக நட்டு. பையனின் விரலைப் புண்ணாக்கியது முக்கியமாக இதுதான். 2வது, 3வது ஃப்ரெட்டுக்கு நடுவில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு சந்து என்று பார்க்க வேண்டும். ஒரு தாள் கனம் இருந்தால் போதும். இங்கே அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. எஃப் கார்டு முதல் ஃப்ரெட்டில், நட்டுக்கு ஒட்டி விழுவது. நட்டு உயரமாக இருந்தால் அங்கே அழுத்துவதைப் போலக் கஷ்டம் நெக்கில் வேறெங்கும் கிடையாது. கம்பியும் கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். ஆறு மாதம் அவன் மல்லுக்கட்டியது இந்த அரை மில்லிமீட்டரோடு.

நட்டு அரத்துக்குப் பதில் கேஸ் வெல்டிங் நாசில் சுத்தம் செய்கிற டிப் கிளீனர் செட் வைத்திருக்கிறேன். விதவிதமான தடிப்பில் சொரசொரப்பான கம்பிகள், வெல்டிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். 9-42 செட் கம்பிக்கு (எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) மெல்லியது 0.23 மி.மீ., தடித்தது 1.07 மி.மீ. அதற்குச் சற்றே பெரிய டிப் கிளீனரை எடுத்து, தலைப்பக்கம் சரிகிற மாதிரி நாலு இழுப்பு, கம்பியைப் போட்டு அளவு, மறுபடி இரண்டு இழுப்பு. ஐந்து கம்பி ஒழுங்காக வந்தன. 3வது கம்பிக்கு ஒரு இழுப்பு கூடிப்போய், திறந்து மீட்டினால் முதல் ஃப்ரெட்டில் உரசியது. வெட்டில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா வைத்து, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டேன். நொடியில் கல் மாதிரி இறுகிவிட்டது. அதை மறுபடி வெட்டினேன், இந்த முறை நிதானமாக.

புதுக் கம்பி, சுருதி, டிரஸ் ராட் மறுபடி 0.2க்கு. 12வது ஃப்ரெட்டில் தடித்தது 2 மி.மீ., மெல்லியது 1.6. ஒவ்வொரு கம்பியிலும் 12வதில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மானிக் ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை, போனில் இருக்கிற ட்யூனரில் பார்த்தேன். அழுத்திய சுரம் ஏறி நின்றால் சாடிலைப் பின்னால் தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும், இறங்கி நின்றால் முன்னால். தடித்த கம்பிக்கு மட்டும் நிறையப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து பையன் ஆயாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தேன். முதலில் ஜி, சி என்று தெரிந்த கார்டுகளையே வாசித்தான். பிறகு தயங்கித் தயங்கி எஃப். ஆறு கம்பியும் ஒலித்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். மறுபடி ஒலித்தது. “இவ்ளோ லேசாவாண்ணா இருக்கும்?” என்று கேட்டான். ஆயா என்னைப் பார்த்து, “அப்போ புள்ள மேல தப்பு இல்லையா தம்பி?” என்றார்.

“இல்ல ஆயா. கிட்டார் மேலதான்” என்றேன்.

வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் இருக்கிற இடத்தில் துடைக்காத கம்பி மூன்று வாரத்தில் துருவேறி, தேய்த்த ஃப்ரெட்டை உப்புத்தாள் மாதிரி அரிக்கும். ஐப்பசி மழை பிடித்து நெக் ஈரத்துக்குப் பழகியதும் ஒரு தடவை கொண்டுவரச் சொன்னேன். ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, வேண்டுமானால் டிரஸ் ராடை இம்மி திருப்ப வேண்டியிருக்கும்.